வாங்குவதா, கட்டுவதா: அமெரிக்க அரைத் தானியங்கி ரைபிளின் வரலாறு

விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு தோட்டாவைச் சுட்டு, வெற்றுக் கூட்டை வெளியே தள்ளி, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் நீள்துப்பாக்கி அரைத் தானியங்கி ரைபிள் எனப்படும். அடுத்த குண்டு வெளிவர விசையை மீண்டும் அழுத்த வேண்டும். விசையைப் பிடித்திருக்கும் வரை சுட்டுக்கொண்டே இருக்கும் முழுத் தானியங்கியிலிருந்து இது இந்த ஒரு வகையில் வேறுபடுகிறது. வேட்டைக்கும் குறிசுடும் போட்டிக்கும் விற்கப்படும் இவ்வகை ரைபிளை ஐக்கிய அமெரிக்காவில் ஒருவர் கடையில் முழுதாக வாங்கலாம். பல மாநிலங்களில் பாகங்களை வாங்கித் தானே சேர்த்துக் கட்டவும் செய்யலாம். வெளியிலிருந்து பார்த்தால் இது பணமும் பொழுதுபோக்கும் சார்ந்த தேர்வு. ஆனால் இப்படியொரு தேர்வு இருப்பதற்கே ஒரு ரைபிளின் வடிவமைப்பும், காலாவதியான ஒரு காப்புரிமையும், துப்பாக்கியின் எந்தத் துண்டைத் துப்பாக்கி என்று சட்டம் கருதுகிறது என்பதும் காரணங்களாகும்.

கொல்லர் பட்டறையிலிருந்து தொழிற்சாலைக்கு

பதினெட்டாம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவின் ஜெர்மன் வழிக் கொல்லர்கள் செய்த நீண்ட ரைபிள்களைப் பொறுத்தவரை வாங்குவது, கட்டுவது என்ற பிரிவே இல்லை. வாங்குபவர் பட்டறைக்குச் சென்று சொல்லிவைப்பார். கொல்லர் குழலையும் கட்டையையும் பூட்டையும் அந்த ஒரு துப்பாக்கிக்கென இழைத்துப் பொருத்துவார். ஒரு ரைபிளின் பூட்டைக் கழற்றி இன்னொன்றில் மாட்ட முடியாது. 1820களில் ஹார்ப்பர்ஸ் ஃபெரி அரசு ஆயுதசாலையில் ஜான் ஹால் இந்த நிலையை மாற்றினார். அவருடைய ரைபிள்களின் பாகங்களை ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்றிப் பொருத்த முடிந்தது. இன்று ஒருவர் ஐந்து கடைகளில் ஐந்து பாகங்களை வாங்கி வீட்டு மேசையில் சேர்க்க முடிவதற்கு மூலம் இதுவே.

முதல் அரைத் தானியங்கி வேட்டை ரைபிள்கள் தொழிற்சாலைப் பொருள்களாகவே வந்தன. வின்செஸ்டர் நிறுவனம் 1903-இல் சிறிய .22 ரைபிளையும், 1905, 1907, 1910 ஆண்டுகளில் பெரிய தோட்டாக்களுக்கான ரைபிள்களையும் வெளியிட்டது. ஜான் பிரௌனிங் வடிவமைத்த ரெமிங்டன் மாடல் 8 ரைபிள் 1906-இல் சந்தைக்கு வந்தது. மான் வேட்டைக்காரர்கள் அதை விரும்பி வாங்கினர். இவற்றை வீட்டில் கட்டலாம் என்று யாரும் எண்ணவில்லை. எஃகுத் துண்டுகளைக் கடைந்து, கையால் அரம் போட்டுப் பொருத்தும் வேலை அது; தேர்ந்த கொல்லர்களே அதற்குத் தயங்குவார்கள்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நிலைமை சற்று மாறியது. மிஞ்சிப்போன மௌசர், ஸ்பிரிங்ஃபீல்டு, என்ஃபீல்டு ரைபிள்கள் மலிவாகக் குவிந்தன. அவற்றின் ராணுவக் கட்டையை நீக்கி, குழலைக் குறுக்கி, வால்நட் கட்டை பொருத்தி வேட்டை ரைபிளாக மாற்றுவது பலருக்கு வார இறுதி வேலையானது. இன்றைய சேகரிப்பாளர்கள் அந்த அழிவை எண்ணி வருந்துகிறார்கள். அவர்கள் வருத்தத்தில் நியாயம் உண்டு. ஆனால் தன் துப்பாக்கியைத் தானே உருவாக்கலாம் என்ற பழக்கத்தைச் சாதாரண அமெரிக்கரிடம் பரப்பியவர்களும் அந்த ‘அழித்தவர்கள்’தாம். அரைத் தானியங்கியான எம்1 கேரண்டு ரைபிளையும் எம்1 கார்பைனையும் அரசே குடிமக்கள் குறிசுடும் திட்டத்தின் வழியாக விற்றது.

ஸ்டோனரின் ரைபிள்

1954-இல் கலிஃபோர்னியாவின் ஹாலிவுட்டில் ஃபேர்சைல்டு விமான நிறுவனத்தின் ஒரு சிறு பிரிவாக ஆர்மலைட் தொடங்கப்பட்டது. அங்கு வந்து சேர்ந்த யூஜீன் ஸ்டோனர் முன்னாள் கடற்படைக் காலாட்படை வீரர். விமானத் தொழிலில் வேலை பார்த்தவர். எஃகும் மரமும் இருந்த இடத்தில் அவர் அலுமினியத்தையும் பிளாஸ்டிக்கையும் வைத்தார். அவர் வடிவமைத்த ஏஆர்-10 ரைபிளைச் சிறிய தோட்டாவுக்கு ஏற்பச் சுருக்கியவர்கள் ஜிம் சல்லிவனும் ராபர்ட் ஃபிரீமாண்டும். அந்தச் சிறிய வடிவமே ஏஆர்-15. ‘ஏஆர்’ என்பது ஆர்மலைட்டைக் குறிக்கிறது. அதைத் தாக்குதல் ரைபிள் என்பதன் சுருக்கமாக எழுதுவது பத்திரிகைகளில் நெடுநாளாக நிலவும் பிழை.

ஆர்மலைட்டுக்குப் பணத் தட்டுப்பாடு வந்தபோது 1959-இல் கோல்ட் நிறுவனம் இதன் உரிமையை வாங்கியது. முழுத் தானியங்கி வடிவம் எம்16 என்ற பெயரில் வியட்நாமுக்குச் சென்றது. அரைத் தானியங்கி வடிவம் 1964-இல் ‘ஏஆர்-15 ஸ்போர்ட்டர்’ என்று வேட்டைக்காரர்களுக்கு விற்பனைக்கு வந்தது. விலை சுமார் 190 டாலர். கோல்ட் இதில் ஒரு முன்னெச்சரிக்கை எடுத்தது. முன் இணைப்புத் துளையை வேறு அளவில் வைத்து, ராணுவ ரைபிளின் மேற்பாதி இதில் நேராகப் பொருந்தாதபடி செய்தது. பாகங்களைக் கலந்து கட்டும் ஆசை வரும் என்று அந்நிறுவனம் முன்பே கணித்திருந்தது போலும்.

அந்த ஆசைக்கு வடிவமைப்பே இடம் கொடுத்தது. இந்த ரைபிள் இரண்டு பாதிகளாகப் பிரியும். குழலும் தோட்டா அறையை அடைக்கும் போல்ட்டும் மேல் ரிசீவரில் இருக்கின்றன. விசை, சுத்தி, தோட்டாப் பெட்டி ஆகியவை கீழ் ரிசீவரில். (ரிசீவர் என்பது இயங்கும் பாகங்களைத் தாங்கும் உடல்.) இரு பாதிகளையும் இணைப்பவை இரண்டு ஊசிகள் மட்டுமே. படைவீரர் களத்தில் எளிதாகத் துடைத்துச் சுத்தம் செய்வதற்காக அமைந்த இந்த ஏற்பாடு, பிற்காலத்தில் துப்பாக்கியைப் பிள்ளைகளின் கட்டை விளையாட்டுப் போல மாற்றி மாற்றி அடுக்க வழிவிட்டது.

வாயுவால் இயங்கும் அமைப்புக்கு ஸ்டோனர் பெற்ற காப்புரிமை 1960-இல் வழங்கப்பட்டு 1977-இல் முடிந்தது. அதன்பின் வேறு நிறுவனங்களும் இதே அளவில் பாகங்களைச் செய்யத் தொடங்கின. ராணுவ வரைபட அளவுகளே பொது அளவாக நின்றதால் ஒருவர் செய்த குழல் இன்னொருவர் செய்த உடலில் பொருந்தியது. ‘கட்டுவது’ என்பது உண்மையான ஒரு வழியாக மாறிய காலம் இதுதான்.

எந்தத் துண்டு துப்பாக்கி?

1963-இல் அதிபர் கென்னடியைக் கொன்ற ரைபிள் அஞ்சல் வழியாக வாங்கப்பட்டது; அதன் விலை 19.95 டாலர். அடுத்தடுத்த அரசியல் கொலைகளுக்குப் பின் 1968-இல் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் நிறைவேறியது. மாநிலம் கடந்த அஞ்சல் விற்பனை நின்றது. உரிமம் பெற்ற தயாரிப்பாளர் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் வரிசை எண் பொறிக்க வேண்டும் என்றும், விற்பவர் வாங்குபவரின் விவரத்தைப் பதிந்து வைக்க வேண்டும் என்றும் விதி வந்தது. 1998 முதல் உடனடிப் பின்னணிச் சோதனையும் சேர்ந்தது.

துப்பாக்கியின் எல்லாப் பாகங்களையும் கட்டுப்படுத்துவது நடைமுறைக்கு ஒவ்வாது. எனவே சட்டம் ஒரே ஒரு பாகத்தைத் தேர்ந்தெடுத்து, அதையே துப்பாக்கி என்று கொண்டது. அதுவே சட்டகம் அல்லது ரிசீவர். ஏஆர்-15 வகையில் அரசு கீழ் ரிசீவரை அவ்வாறு கருதியது. ஆகவே குழல், போல்ட், கட்டை, விசைப் பாகங்கள் எல்லாம் சாதாரண இரும்புச் சாமான்கள் போல வீட்டுக்கே வந்து சேரும். கீழ் ரிசீவருக்கு மட்டும் உரிமம் பெற்ற கடைக்குச் சென்று படிவம் 4473-ஐ நிரப்பிக் கையெழுத்திட வேண்டும். கட்டுபவரில் பெரும்பாலோர் இன்றும் செய்வது இதையே. அவர்கள் வாங்குபவரைப் போலவே பதிவில் இருக்கிறார்கள் என்பதை இரு தரப்பு வாதங்களும் அடிக்கடி மறந்துவிடுகின்றன.

அதே சட்டம் இன்னொரு வாசலையும் திறந்து விட்டிருந்தது. விற்கும் நோக்கமின்றித் தன் சொந்தப் பயன்பாட்டுக்குத் துப்பாக்கி செய்பவருக்குக் கூட்டாட்சி உரிமம் தேவையில்லை. வரிசை எண்ணும் தேவையில்லை. பழைய கொல்லர் மரபையும் பொழுதுபோக்கு வினைஞர்களையும் தொந்தரவு செய்ய வேண்டாம் என்ற எண்ணம் 1968-இல் பெரிய ஆபத்தாகத் தோன்றவில்லை.

இறக்குமதியும் பத்தாண்டுத் தடையும்

1989 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் ஸ்டாக்டன் நகரில் ஒரு தொடக்கப் பள்ளி மைதானத்தில் ஐந்து குழந்தைகள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்கள் கம்போடிய, வியட்நாமிய அகதிக் குடும்பங்களின் பிள்ளைகள். கொலையாளி தன் சீன அரைத் தானியங்கி ரைபிளைக் கடையில் முறைப்படி வாங்கியிருந்தார். அதே ஆண்டு, ‘விளையாட்டுப் பயன்பாட்டுக்கு’ உரியவையல்ல என்று 43 வகை ரைபிள்களின் இறக்குமதியை அரசு நிறுத்தியது. முழு ரைபிளாக வர முடியாதது பாகங்களாக வந்து உள்நாட்டில் சேரக்கூடாது என்பதற்காக 1990-இல் மேலும் ஒரு விதி வந்தது. இருபது பாகங்களின் பட்டியலில் பத்துக்கு மேல் வெளிநாட்டினவாக இருக்கக் கூடாது என்று அதற்குக் கணக்கு வகுத்தனர். கிழக்கு ஐரோப்பியப் பாகங்களைக் கொண்டு கலாஷ்னிகோவ் வகை ரைபிள் கட்டுவோர் பாகங்களை எண்ணிக்கொண்டிருக்கும் வழக்கம் இதனால் வந்தது. பத்துப் பாகம் இருந்தால் விளையாட்டுக்கு உகந்தது, பதினொன்று இருந்தால் உகந்ததல்ல என்பதில் என்ன தர்க்கம் இருக்கிறது என்று தெரியவில்லை.

1994 செப்டம்பர் முதல் 2004 செப்டம்பர் வரை நடப்பில் இருந்த கூட்டாட்சித் தடை, கைப்பிடி, மடங்கும் கட்டை, சுடர் மறைப்பான், கத்தி மாட்டும் இடம் போன்ற வெளி அம்சங்களை எண்ணித் தடை விதித்தது. தயாரிப்பாளர்கள் அவற்றில் சிலவற்றை நீக்கிவிட்டு அதே ரைபிளை விற்றனர். கோல்ட் தன் ரைபிளுக்கு ‘மேட்ச் டார்கெட்’ என்று பெயரிட்டது. தடை முடிந்ததும் பெரிய நிறுவனங்கள் உள்ளே வந்தன. 2006-இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் தன் எம்&பி15 ரைபிளை வெளியிட்டது. ‘நவீன விளையாட்டு ரைபிள்’ என்ற பெயரைத் துப்பாக்கித் தொழில் சங்கம் 2009-இல் பரப்பத் தொடங்கியது.

போட்டி பெருகியதும் கணக்கு மாறியது. தொடக்கத்தில் கட்டுபவர் சொன்ன முதல் காரணம் சிக்கனம். முழுத் துப்பாக்கிக்குத் தயாரிப்பாளர் கட்டும் 11 விழுக்காடு கூட்டாட்சி வரி தனித்தனிப் பாகங்களுக்கு இல்லை என்பதும் அதில் அடங்கும். ஆனால் தொழிற்சாலை ரைபிள்களின் விலை இறங்கியபின் அந்த மிச்சம் சுருங்கிவிட்டது. முதல்முறை கட்டுபவர் கருவிகளுக்குச் செலவிடும் தொகை அதை விழுங்கிவிடும். பிழை நேர்ந்தால் கேட்க உத்தரவாதமும் கிடையாது. விருப்பமான குழல், விருப்பமான விசை, தன் கையால் செய்தோம் என்ற நிறைவு ஆகியவையே எஞ்சிய நியாயமான காரணங்கள். போட்டியில் சுடுபவருக்கு இவை சிறியவை அல்ல.

பதிவில் இல்லாத துப்பாக்கி

எஞ்சிய இன்னொரு காரணம் வேறு வகைப்பட்டது. வேலை முடிக்கப்படாத ரிசீவரை நிறுவனங்கள் வரிசை எண்ணின்றி விற்கத் தொடங்கின. முடியாதது துப்பாக்கியல்ல என்பது அவர்கள் வாதம். சோதனையில் தேறாதவருக்கும் இது கிடைத்தது. 2013 ஜூனில் சாண்டா மோனிகாவில் ஐந்து பேரைக் கொன்றவர், துப்பாக்கி வாங்கத் தகுதியற்றவர் என்று 2011-இல் கலிஃபோர்னிய நீதித்துறையால் தெரிவிக்கப்பட்டவர். அவர் பாகங்களைச் சேர்த்த ஏஆர் வகை ரைபிளோடு வந்தார். அவரைப் பொறுத்தவரை வாங்குவதா கட்டுவதா என்பது தேர்வே அல்ல. ஒரு கதவு அடைபட்டதால் அவர் மற்றதன் வழியே வந்தார். குற்ற இடங்களில் கிடைத்து, மூலம் அறிய அனுப்பப்பட்ட இத்தகைய துப்பாக்கிகள் 2017-இல் சுமார் 1,600. 2021-இல் 19,000-க்கு மேல். இவற்றில் பெரும்பங்கு கைத்துப்பாக்கிகள் என்பதையும் சொல்ல வேண்டும்.

இதற்கிடையில் பழைய வரையறையின் ஓட்டையும் வெளிப்பட்டது. சுத்தி, போல்ட், சுடும் பொறி ஆகியவற்றைத் தாங்கும் பாகமே ரிசீவர் என்று விதி சொன்னது. ஏஆர்-15-இலோ சுத்தி கீழே, போல்ட் மேலே. அப்படியானால் கீழ் ரிசீவர் மட்டும் எப்படித் துப்பாக்கியாகும்? கலிஃபோர்னியாவில் ஒரு வழக்கில் கூட்டாட்சி நீதிபதி தன் தற்காலிக முடிவில் எதிர்த்தரப்பின் இந்த வாதத்தை ஏற்றார். அது இறுதித் தீர்ப்பாகிவிடாமல் இருக்க அரசு வழக்கறிஞர்கள் சமரசம் செய்துகொண்டது 2019-இல் வெளிச்சத்துக்கு வந்தது. இரண்டு ஊசிகளால் இணைந்த அந்த வடிவமைப்பு, அரை நூற்றாண்டுச் சட்டத்தை இரண்டாகப் பிரித்துவிட்டது.

2022 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த புதிய விதி, எளிதில் முடிக்கக்கூடிய தொகுப்புகளையும் துப்பாக்கியாகக் கொண்டது. ஏஆர்-15 வகையில் கீழ் ரிசீவரே ரிசீவர் என்று பெயர் சொல்லியே எழுதியது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 2024 அக்டோபர் விசாரணையில் முட்டையும் வெங்காயமும் மேசையில் இருந்தால் அது ஆம்லெட் ஆகுமா என்று நீதிபதி அலிட்டோ கேட்டார். அளந்து கட்டிய சமையல் தொகுப்பாக வாங்கினால் விடை மாறாதா என்று நீதிபதி பேரட் தொடர்ந்தார். 2025 மார்ச் 26 அன்று 7–2 என்ற கணக்கில் விதி செல்லும் எனத் தீர்ப்பானது. தீர்ப்பை எழுதிய நீதிபதி கோர்சச், பெட்டியில் பிரித்து வரும் மேசையையும் மேசை என்றே அழைக்கிறோம் என்று காட்டினார். ஆனால் எல்லாத் தொகுப்புகளும் துப்பாக்கி என்று நீதிமன்றம் சொல்லவில்லை. எவ்வளவு வேலை மிச்சமிருந்தால் ஒரு பொருள் துப்பாக்கியாகாது என்ற எல்லைக்கோட்டை அது வரையவில்லை. அது இனிவரும் வழக்குகளுக்கு விடப்பட்டுள்ளது. கலிஃபோர்னியா, நியூ ஜெர்சி போன்ற மாநிலங்கள் இதற்காகக் காத்திருக்காமல் முன்பே தங்கள் சட்டங்களை இயற்றிக்கொண்டன.