லாகோஸில் காத்திருந்த 400 கப்பல்கள்

போன எபிசோட்ல நைஜீரியாவின் உள்நாட்டுப் போர் 1970இல் முடிந்ததோடு நிறுத்தியிருந்தேன். இன்னைக்கு, அதுக்கப்புறம் நடந்த ஒரு சிமென்ட் கதை.

ராணுவ ஆட்சித் தலைவர் ஜெனரல் யாகுபு கோவன் மேல அப்போ மக்களுக்கு நிஜமாவே மரியாதை இருந்தது. தோற்ற பியாஃப்ரா தரப்பை அவர் பழிவாங்கவில்லை. 1976இல் மக்களாட்சிக்குத் திரும்புவோம்னு வாக்கும் கொடுத்திருந்தார். 1973இல் எண்ணெய் விலை எகிறியதும் பணம் கொட்ட ஆரம்பிச்சது. போர் முடிந்தும் வீட்டுக்கு அனுப்பப்படாத சிப்பாய்கள் 2 லட்சத்துக்கும் மேல். அவங்களுக்குக் குடியிருப்பு கட்டணும். சரி, சிமென்ட் வாங்குவோம்.

பாதுகாப்பு அமைச்சகத்துக்குத் தேவைப்பட்டது சுமார் 29 லட்சம் டன். அது ஆர்டர் போட்டது 1 கோடியே 60 லட்சம் டன்! மற்ற துறைகள் கேட்டதையும் சேர்த்தால் 2 கோடி. லாகோஸ் துறைமுகம் ஒரு வருஷத்துல இறக்கக்கூடிய சிமென்ட் சுமார் 10 லட்சம் டன்தான். அதாவது, இறக்கி முடிக்கவே 20 வருஷம்.

1975இல் 400க்கும் மேற்பட்ட கப்பல்கள் வரிசையில் நின்றன, பெரும்பாலானவற்றில் சிமென்ட். காத்திருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் அரசு தாமதக் கட்டணம் கட்டணும். இது தெரிஞ்சதும், அந்தக் காசுக்காகவே காயலான் கடைக்குப் போகவேண்டிய கப்பல்களை எல்லாம் அனுப்பி வச்சாங்க. ஈரக் காற்றில் சிமென்ட் மூட்டைக்குள்ளேயே இறுகிப்போனது.

ஊழல் எந்த ஆட்சியிலும் நடக்கும். என்னை உறுத்துறது வேற. ஆர்டர் போட்டதுக்கும் கப்பல் வந்து நின்னதுக்கும் நடுவுல, 'எதுக்குங்க இவ்வளவு?'ன்னு கேட்க ஓர் இடம்கூட இல்லை. 1966லிருந்தே நாடாளுமன்றம் கிடையாது, கட்சிகளுக்குத் தடை. 1970இல் ஒரு சொத்துப் பறிமுதல் வழக்கில் உச்ச நீதிமன்றம் ராணுவ அரசின் ஆணையைச் செல்லாதுன்னு சொன்னது. சில வாரங்களிலேயே இன்னொரு ஆணை போட்டு அந்தத் தீர்ப்பையே செல்லாததாக்கிட்டாங்க. பத்திரிகை? 1973இல் போர்ட் ஹார்கோர்ட்டில் ஒரு நிருபருக்கு மொட்டை அடிச்சு 24 பிரம்படி கொடுத்தாங்க. ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்யப்போவதாக அவர் எழுதின செய்தி, ராணுவ ஆளுநரின் பிறந்தநாளன்று வெளியானதுதான் குற்றம்.

1974 அக்டோபரில், 1976 சாத்தியமில்லைன்னு கோவன் கைவிரிச்சார். இனி அவரை எப்படி அனுப்புறது? தேர்தல் இல்லாத ஊர்ல ஒரே வழிதான். 1975 ஜூலை 29 அன்று அவர் கம்பாலா மாநாட்டில் இருந்தபோது, சொந்த அதிகாரிகளே ஆட்சியைக் கவிழ்த்தார்கள். அடுத்து வந்த முர்த்தலா முகமது சிமென்ட் பேரத்தை விசாரிக்கக் கமிஷன் போட்டார், ஆயிரக்கணக்கான அதிகாரிகளை வேலையை விட்டு அனுப்பினார். மக்கள் கொண்டாடினாங்க. ஏழே மாசம். 1976 பிப்ரவரி 13 அன்று லாகோஸ் டிராஃபிக்கில் வைத்து அவரைச் சுட்டுக் கொன்றது இன்னொரு ராணுவக் கோஷ்டி.

குண்டு துளைத்த அந்தக் கறுப்பு பென்ஸ் காரை லாகோஸ் தேசிய அருங்காட்சியகத்தில் வச்சிருக்காங்க. அடுத்த எபிசோட்ல 1979 தேர்தல்.