இழுத்துக் கட்டிய அணை

முல்லைப்பெரியாறு அணையின் உச்சியில் நடப்பவரின் காலுக்கு நேர் கீழே, துளைகளுக்குள், விறைப்பேறிய எஃகுக் கேபிள்கள் அணையை அடிப்பாறையோடு சேர்த்து இழுத்துப் பிடித்திருக்கின்றன. பொறியாளர் பென்னிகுவிக் இந்த அணையைக் கட்டியபோது அவை இல்லை.

1887-ல் தொடங்கி 1895-ல் முடிந்த அந்த அணையின் முன்னும் பின்னும் கருங்கல் கட்டு. நடுவயிற்றில் சுண்ணாம்பு, மணல், சுர்க்கி எனப்படும் செங்கல் பொடி, ஜல்லி எல்லாம் கலந்த கான்கிரீட். காலப்போக்கில் கசியும் நீரோடு சுண்ணாம்பும் கரைந்து போனது. 1930களிலும் 1960களிலும் துளையிட்டுச் சிமென்ட் பாலை உள்ளே செலுத்தினார்கள்.

1979 ஆகஸ்டில் குஜராத்தின் மச்சு அணை உடைந்து மோர்பி நகரம் மூழ்கியதும், முல்லைப்பெரியாறு அணை இருக்கும் கேரளத்தில் அச்சம் பற்றிக்கொண்டது. அந்த ஆண்டு நவம்பரில் மத்திய நீர் ஆணையம் மூன்று வேலைகளைப் பரிந்துரைத்தது: உச்சியில் கான்கிரீட் தொப்பி, பின்புறம் முட்டுக் கான்கிரீட், உள்ளே கேபிள் நங்கூரம். நீர்மட்டமும் 136 அடிக்கு இறக்கப்பட்டது.

கேபிள் எதற்கு? சுண்ணாம்புக் கான்கிரீட்டை அழுத்தினால் தாங்கும். இழுத்தால் விரிசல் விடும். நிறைந்த நீர் அணையைப் பின்னால் சாய்க்கப் பார்க்கும்போது, நீர்ப்பக்கத்து அடி இழுபடுகிறது. அதை ஈடுகட்ட, உச்சியிலிருந்து துளையிட்டு, அடிப்பாறைக்குள் 30 அடி வரை போனார்கள். 7 மி.மீ. கம்பிகள் 34 சேர்ந்த கேபிளை இறக்கி, அடிமுனையைப் பாறையில் இறுக்கி, மேல்முனையை ஜாக்கியால் 120 டன் விசைக்கு இழுத்துப் பூட்டினார்கள். இதே உத்தியை 1934-ல் அல்ஜீரியாவின் ஷெர்ஃபா அணையில் பிரெஞ்சுப் பொறியாளர் ஆந்த்ரே கோய்ன் செய்து காட்டியிருந்தார்.

இழுத்துக் கட்டும் உத்தி அணைகளோடு நிற்கவில்லை. 1996 நிலநடுக்கத்தில் சேதமான ஒரு தேவாலய மணிக்கூண்டு இத்தாலியின் த்ரிஞானோவில் நின்றது. 1999-ல் அதன் நான்கு உள்மூலைகளிலும் உச்சியிலிருந்து அடித்தளம் வரை எஃகுத் தண்டுகளை இழுத்துக் கட்டினார்கள். ஒவ்வொன்றின் இடையிலும் நிக்கல்-டைட்டானியக் கலவைக் கம்பிகள். சாதாரண எஃகைவிடப் பல மடங்கு நீண்டாலும், ஓர் எல்லை வரை, பழைய வடிவுக்குத் திரும்பிவிடும் உலோகம் அது. 2000-ல் பூமி மறுபடி அதிர்ந்தது. மணிக்கூண்டுக்குச் சேதமில்லை.

நிக்கல்-டைட்டானியம் விலை அதிகம். அதற்குப் பதிலாகச் சுவிட்சர்லாந்தின் எம்பா ஆய்வகம் இரும்பு, மாங்கனீசு, சிலிக்கான் கலந்த நினைவு எஃகைத் தேர்ந்தெடுத்தது. தொழிற்சாலையிலேயே கம்பியை நீட்டி வைத்துவிடுவார்கள். பழைய தளத்தில் காடி வெட்டி, கம்பியைப் பதித்து, மின்சாரம் பாய்ச்சிச் சூடேற்றினால், கம்பி தன் பழைய நீளத்துக்குச் சுருங்கப் பார்க்கும். முனைகள் பிடிபட்டிருப்பதால் அந்த இழுவை முழுவதும் கான்கிரீட்டை நெருக்கும். ஜாக்கி நிற்க இடம் தேட வேண்டியதில்லை. பாலத் தளங்களுக்கும் உத்தரங்களுக்கும் இது பொருந்தும். அணையின் ஆழத்துக்கு இன்னும் கேபிள்தான்.

முல்லைப்பெரியாற்றின் நீர்மட்டத்தை 142 அடிக்கு உயர்த்தலாம் என்று 2006-ல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2014 மே 7-ல் அதை மீண்டும் உறுதி செய்தபோது, அந்தப் பலப்படுத்தும் பணிகளும் கணக்கில் வந்தன. அந்தக் கேபிள்களுக்கும் இப்போது நாற்பது வயது தாண்டிவிட்டது.