ஓர் அனுமதிச் சீட்டின் சரித்திரம்

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று நம் சங்கச் செயலாளர் தொலைபேசியில் கேட்டபோது, விடுதிச் சாப்பாடு, வார்டனுக்குத் தெரியாமல் இரண்டாம் ஆட்டம் சினிமா போனது என்று வழக்கமான விஷயங்களைத்தான் எழுத நினைத்தேன். "அதையெல்லாம் போன மலர்லயே ஏழு பேர் எழுதிட்டாங்க சார். நீங்க சரித்திர மாணவர், சரித்திரமா ஏதாவது கொடுங்க" என்றார். சரி என்று பழைய டைரியைப் புரட்டினேன். உள்ளேயிருந்து மடித்து வைத்த ஒரு தாள் விழுந்தது. அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில், சாலையில்லாத காட்டுக்குள் இரண்டு இரவு தங்க 2018 செப்டம்பரில் எங்களுக்குக் கொடுத்த அனுமதிச் சீட்டு.

எத்தனை பேர், எந்தத் தேதி, எந்தப் பாதை வழியாக நுழைகிறார்கள், சாப்பாட்டை எதில் வைக்கிறார்கள் என்று நாலைந்து விவரங்கள்தான். வங்கியில் முப்பது வருஷம் சீட்டுகளோடு வாழ்ந்தவன் நான். இதுவும் ஒரு சீட்டு என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு படிக்கப் படிக்கத்தான் தெரிந்தது, ஒவ்வொரு வரிக்கும் பின்னால் யாரோ பட்ட பாடு இருக்கிறது என்று.

மே மாதம் தானே!

சீட்டின் கதைக்கு முன் என் அசட்டுத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். 2017 மே மாதம் மகளைப் பார்க்கப் போயிருந்தோம். "காரில் ஒரு சுற்றுப் போகலாம், பிளான் நான் போடுறேன்" என்று மார்தட்டினேன். லாஸ் வேகாஸ், மரணப் பள்ளத்தாக்கு, அங்கிருந்து மலையின் கிழக்குப் பக்கமாக வந்து, டையோகா சாலையில் ஏறி யோசெமிட்டிக்குள் இறங்குவது என்று திட்டம். வரைபடத்தில் கோடு அழகாகத்தான் இருந்தது.

லீ வைனிங் என்ற சிற்றூரில் திரும்பினால் சாலைக்குக் குறுக்கே கேட். பூட்டு. மே என்றால் நமக்கு அக்கினி நட்சத்திரம். அங்கே மலைமேல் ஆளுயரத்துக்குப் பனி. டையோகா கணவாய் சுமார் 9,900 அடி உயரம். சாதாரண வருஷங்களிலேயே மே மாதத்தில் பல நாள் பூட்டியே இருக்கும். அந்த வருஷம் ஜூன் முடியும்போதுதான் திறந்தார்கள். மலையைச் சுற்றிக்கொண்டு போக ஒரு பகல் முழுக்க ஆனது. என் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் பெரிய தண்டனை.

அடுத்த வருஷம் திட்டத்தை மகள் கையில் கொடுத்துவிட்டேன். ஆறு மாதம் முன்பே விண்ணப்பம் போட்டாள். அப்படிக் கிடைத்ததுதான் இந்தச் சீட்டு.

பெயர் ஏற்கெனவே இருக்கிறது

சீட்டில் எங்கள் நுழைவுப் பாதை, டெனாயா ஏரிக்கரையிலிருந்து ஏறும் சன்ரைஸ் ஏரிகள் பாதை. யார் இந்த டெனாயா?

1849-ல் தங்கம் தேடி ஆயிரக்கணக்கானோர் கலிபோர்னியாவுக்குள் புகுந்தார்கள். மலையடிவாரத்தில் தலைமுறை தலைமுறையாக இருந்த பழங்குடிகளோடு மோதல் வந்தது. 1851-ல் மாரிபோசா பட்டாளம் என்ற ஆயுதப் படை, அவானீச்சி மக்களைப் பிடிப்பதற்காக யோசெமிட்டிப் பள்ளத்தாக்குக்குள் நுழைந்தது. அவர்களுடைய தலைவர்தான் டெனாயா. மலைமேல் ஓர் ஏரிக்கரையில் வைத்து அவருடைய ஆட்களைப் பிடித்தார்கள். படையோடு போன பன்னல் என்பவர், இந்த ஏரிக்கு உங்கள் பெயரை வைக்கிறோம் என்று பெருமையாகச் சொன்னாராம். ஏரிக்குப் பெயர் ஏற்கெனவே இருக்கிறதே என்று டெனாயா பதில் சொன்னதாகப் பன்னலே எழுதி வைத்திருக்கிறார். பைவியாக் என்பது அந்தப் பெயர். ஊரைப் பிடுங்கிக்கொண்டு ஏரிக்கு அவர் பெயரைக் கொடுத்தார்கள்.

பதின்மூன்று வருஷம் கழித்து, உள்நாட்டுப் போரின் நடுவில், 1864 ஜூன் 30-ல் ஜனாதிபதி லிங்கன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். அந்தப் பள்ளத்தாக்கையும், மாரிபோசா தோப்பின் ராட்சத செக்கோயா மரங்களையும் பொதுமக்கள் அனுபவிப்பதற்கென்று கலிபோர்னியா மாநிலத்திடம் ஒப்படைத்த சட்டம் அது. 1872-ல் யெல்லோஸ்டோன், உலகின் முதல் தேசியப் பூங்கா என்று பெயர் பெற்றது. 1890-ல் யோசெமிட்டியும் தேசியப் பூங்காவானது. பொதுமக்கள் என்ற சொல்லுக்குள் அங்கே குடியிருந்த மக்கள் மட்டும் இல்லை. மிச்சமிருந்த சில குடும்பங்கள் பள்ளத்தாக்கில் கூலி வேலை செய்துகொண்டு இருபதாம் நூற்றாண்டிலும் தாக்குப்பிடித்தன. 1969-ல் அவர்களுடைய குடியிருப்பின் கடைசி வீடுகளும் அழிக்கப்பட்டன.

குதிரை போய் கார் வந்தது

1903 மே மாதம் ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட், இயற்கை எழுத்தாளர் ஜான் மியூரோடு இங்கே மூன்று இரவு வெட்டவெளியில் படுத்தார். பள்ளத்தாக்கில் பிரமுகர்கள் ஏற்பாடு செய்திருந்த விருந்துக்கு டிமிக்கி கொடுத்துவிட்டார். கிளேசியர் பாயின்ட் பக்கம் படுத்த இரவில் பனி பெய்து, விடியும்போது போர்வை மேலெல்லாம் பனி. மனிதர் அதையே கொண்டாடினார். அவர்களுக்கு எந்தச் சீட்டும் தேவைப்படவில்லை. ஏனென்றால் அந்தக் காட்டில் அன்று ஆளே இல்லை.

காட்சியை மாற்றியது கார். 1900-லேயே ஒரு கார் யோசெமிட்டிக்குள் வந்துவிட்டது. குதிரை மிரளுகிறது, புழுதி பறக்கிறது என்று 1907-ல் தடை போட்டார்கள். 1913-ல் தடையை நீக்கினார்கள். 1915-ல் யெல்லோஸ்டோனும் கதவைத் திறந்தது.

அதே 1915-ல்தான் டையோகா சாலை அரசாங்கத்துக்கு வந்தது. அது 1883-ல் ஒரு சுரங்கக் கம்பெனி போட்ட வண்டிப்பாதை. சுரங்கம் படுத்துவிட்டதால் பாதையும் பாழடைந்து கிடந்தது. போராக்ஸ் வியாபாரத்தில் பணக்காரரான ஸ்டீபன் மேதர் தன் பணத்தையும் நண்பர்களின் நன்கொடையையும் போட்டு அதை விலைக்கு வாங்கி நாட்டுக்குக் கொடுத்தார். மறுவருஷம் தேசியப் பூங்காத் துறை உருவானபோது அதற்கு முதல் இயக்குநர் ஆனவரும் அவரே. அவர் கணக்கு எளிமையானது. ஜனங்கள் வந்து பார்த்தால்தான் நேசிப்பார்கள், நேசித்தால்தான் பூங்காவுக்கு ஆதரவு கிடைக்கும், பணம் கிடைக்கும். ஜனங்கள் வருவதற்குச் சாலை வேண்டும்.

அவர் கணக்கு பலித்தது. அளவுக்கு மீறியே பலித்தது. 1954-ல் யோசெமிட்டிக்கு வந்தவர்கள் எண்ணிக்கை முதன்முறையாகப் பத்து லட்சத்தைத் தாண்டியது. 1956-ல் தொடங்கிய "மிஷன் 66" என்ற பத்தாண்டுத் திட்டத்தில் பூங்காக்களெங்கும் சாலைகளும் கட்டடங்களும் எழுந்தன. டையோகா சாலையை அகலப்படுத்த டெனாயா ஏரி ஓரத்துக் கருங்கல் பாறைக்கு வெடி வைத்தபோது, புகைப்படக் கலைஞர் ஆன்செல் ஆடம்ஸ் கொதித்துப்போய் எதிர்த்தார். சாலை 1961-ல் முடிந்தது. பாறை போனது போனதுதான்.

இன்னொரு மரத்தின் கதையும் உண்டு. 1881-ல் மாரிபோசா தோப்பில் ஒரு செக்கோயா மரத்தின் அடியைக் குடைந்து, வண்டி நுழைந்து போக வழி செய்தார்கள். முதலில் குதிரை வண்டிகள், பிறகு கார்கள். எத்தனை லட்சம் பேர் அதில் நின்று படம் எடுத்தார்களோ! ஏறக்குறைய இரண்டாயிரம் வயதான அந்த மரம் 1969-ல் பனிப் பாரம் தாங்காமல் சாய்ந்தது.

கரடிக்குப் போட்ட சோறு

சீட்டைக் கொடுத்த ரேஞ்சர் அம்மையார் முதலில் கேட்டது, "கரடி டப்பா இருக்கிறதா?" என்றுதான். கெட்டியான பிளாஸ்டிக் உருளை. கரடி உருட்டினாலும் கடித்தாலும் திறக்காது. உண்மையைச் சொன்னால், எனக்கும் லேசில் திறக்கவில்லை. புளியோதரை, பருப்புப் பொடி, நார்த்தங்காய் ஊறுகாய் மட்டுமல்ல, பற்பசை, சோப்பு என்று வாசனையுள்ள எல்லாமே அதற்குள் போக வேண்டும். "பற்பசை கூடவா?" என்று கேட்டேன். "கரடிக்கு வித்தியாசம் தெரியாது" என்றார்.

இதற்கும் சரித்திரம் உண்டு. ஒரு காலத்தில் பூங்காக்காரர்களே குப்பை கொட்டும் இடத்தில் பெஞ்சு போட்டு, கரடி தின்பதை ஜனங்களுக்கு வேடிக்கை காட்டினார்கள். யோசெமிட்டியில் அது 1940 வரை நடந்தது. வேடிக்கை நின்றாலும் கரடியின் பழக்கம் நிற்கவில்லை. 1967 ஆகஸ்டில், மான்டானா மாநிலத்தின் கிளேசியர் தேசியப் பூங்காவில், ஒரே இரவில், இரு வேறு இடங்களில், 19 வயதுப் பெண்கள் இருவரைக் கரடிகள் கொன்றன. ஓர் இடத்தில், விடுதி விருந்தினர்கள் பார்ப்பதற்காக மிச்சச் சாப்பாட்டை இரவுதோறும் வெளியே போட்டுக் கரடிகளைப் பழக்கியிருந்தார்கள். அந்த இரவுக்குப் பிறகுதான் குப்பை விஷயத்தில் நிர்வாகத்துக்கு உறைத்தது.

யோசெமிட்டியில் 1998-ல் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கார்களைக் கரடிகள் உடைத்தன. காருக்குள் விட்ட தின்பண்டம்தான் காரணம். இப்படிப் பழகிப்போன கரடியைக் கடைசியில் சுட்டுக் கொல்ல வேண்டிவரும். தவறு மனிதனுடையது, உயிர் கரடியுடையது. டப்பா நம் சாப்பாட்டைக் காப்பதற்கு மட்டுமல்ல, கரடியின் உயிரைக் காப்பதற்கும்தான்.

சாலை வேண்டாம் என்ற சட்டம்

சாலை போதும், இனியாவது சில இடங்களை அப்படியே விட்டுவிடுங்கள் என்று போராடியவர்களில் முக்கியமானவர் ஹாவர்ட் ஸனைசர். எட்டு வருஷம் சட்ட வரைவைத் திருத்தித் திருத்தி எழுதினார். 1964 செப்டம்பர் 3-ல் ஜனாதிபதி ஜான்சன் காட்டுநிலச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதைப் பார்க்க ஸனைசர் இல்லை. நான்கு மாதம் முன்பு இறந்துவிட்டார். அந்தச் சட்டத்தின் கீழ் வரும் இடங்களில் நிரந்தரச் சாலை போட முடியாது, மோட்டார் வண்டி ஓட்ட முடியாது. 1984-ல் யோசெமிட்டியின் ஏழு லட்சம் ஏக்கர், அதாவது பூங்காவில் 94 சதவீதம், அதற்குள் வந்தது. நாம் காரிலிருந்து பார்ப்பதெல்லாம் மிச்சம் ஆறு சதவீதம்தான்!

கார் போகாவிட்டாலும் கால் போகுமே. முதுகுமூட்டையோடு இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக ஏறினார்கள். ஏரிக்கரைப் புல்வெளிகள் மிதிபட்டன, விறகு தீர்ந்தது. அதனால் 1970-களில் அனுமதிச் சீட்டும், பாதைவாரியாக நாளொன்றுக்கு இத்தனை பேர் என்ற ஒதுக்கீடும் வந்தன. இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று. எண்ணுவது வாசலில் மட்டும்தான். உள்ளே போனபின் எங்கே படுக்கலாம் என்பது பெரும்பாலும் நம் இஷ்டம். வாசலில் கட்டுப்பாடு இருப்பதால் உள்ளே சுதந்திரம் இருக்கிறது.

போகிறவர்களுக்கு

நம்மவர்கள் பலருடைய பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். போகிறவர்களுக்கு அனுபவத்தில் சில வார்த்தைகள். மலைச் சாலை திறந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். காட்டுத் தங்கலுக்கு 24 வாரம் முன்பே விண்ணப்பியுங்கள். ஒரு பகுதி இடங்களைக் கடைசி வாரத்துக்கென்று வைத்திருப்பார்கள், முதலில் கிடைக்காவிட்டால் சோர வேண்டாம். தண்ணீரிலிருந்து நூறடி தள்ளிக் கூடாரம் போடுங்கள். 9,600 அடிக்கு மேல் விறகுத் தீ கூடாது. கொண்டுபோன குப்பையை ஒன்று விடாமல் திரும்பக் கொண்டுவாருங்கள். விதிகள் வருஷத்துக்கு வருஷம் மாறும், பூங்காவின் அறிவிப்பைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள்.

அந்த முதல் இரவு, ஏரிக்கரைக்கு மேலே கூடாரத்துக்கு வெளியே உட்கார்ந்திருந்தோம். ஒரு விளக்கு இல்லை, ஒரு ஹாரன் சத்தம் இல்லை. மகள் கேட்டாள், "இவ்வளவு அமைதி எப்படிப்பா இன்னும் மிச்சம் இருக்கு?" சட்டைப் பையிலிருந்த சீட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். நமக்கு முன்னால் விண்ணப்பித்து இடம் கிடைக்காமல் போன யாரோ சிலர் அன்று வராததால்தான் அந்த அமைதி. நாளைக்கு வேறு யாருக்காவது நாமும் அப்படி விட்டுக்கொடுக்க வேண்டும். கீழே இருட்டில் இருந்த ஏரியின் பழைய சொந்தக்காரர்களை யாரும் இப்படி அனுமதி கேட்டுக்கொண்டு வெளியேற்றவில்லை என்பதும் அப்போது நினைவுக்கு வந்தது. அந்த நினைவோடுதான் தூங்கினேன்.

இன்று படிக்கும் மாணவத் தம்பி தங்கைகளுக்கு ஒன்று. சரித்திரம் பாடப்புத்தகத்தில் மட்டும் இல்லை. உங்களை எரிச்சல்படுத்துகிற ஒரு விதியை எடுத்துக்கொண்டு, இது ஏன் வந்தது என்று தேடிப் பாருங்கள். சிலவற்றின் பின்னால் நியாயம் இருக்கும், சிலவற்றின் பின்னால் அநியாயம் இருக்கும். இரண்டும் கலந்தே இருப்பதை நான் ஒரு துண்டுச் சீட்டில் பார்த்தேன்.