கோடு ஸ்கேனில் பச்சை டிக் வந்தாலே சாஃப்ட்வேர் சேஃப்பா? கவனிக்க வேண்டிய 5 செட்டிங்ஸ்

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எடுக்க, மேலே இருக்கும் மண்ணை அகற்றினால் மட்டும் போதாது. நிலக்கரிப் படுகைக்குக் கீழே கடும் அழுத்தத்தில் நிலத்தடி நீர் இருக்கிறது. அதை இரவு பகலாக பம்ப் செய்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால், சுரங்கத்தின் தரையையே உடைத்துக்கொண்டு நீர் மேலே வந்துவிடும். 'கண்ணுக்குத் தெரியலையே' என்று விட முடியாது.

சாஃப்ட்வேருக்கும் இது பொருந்தும். மின் உற்பத்தியும் விநியோகமும் இன்று கணினியை நம்பியே இருக்கின்றன. அதனால்தான் மத்திய மின்சார ஆணையம் 2021 அக்டோபரில் மின்துறைக்கென சைபர் பாதுகாப்பு வழிகாட்டுதல்களை வெளியிட்டது. மின் நிறுவனங்களுக்கு மட்டுமல்ல, அவற்றுக்கு சாஃப்ட்வேர் தருபவர்களுக்கும் அது பொருந்தும்.

கோடு ஸ்கேன் என்றால் என்ன?

புரோகிராமை ஓட்டிப் பார்க்காமலேயே, எழுதிய கோடை வரி வரியாகப் படித்து ஓட்டைகளைச் சொல்லும் டூல். சோனார்க்யூப், கிட்ஹப்பின் கோட்க்யூஎல் போன்றவை பிரபலம். ஆனால் பார்க்கச் சொன்ன இடத்தை, பார்க்கச் சொன்ன விதிப்படிதான் அது பார்க்கும்.

ஆப்பிளுக்கு நடந்தது என்ன?

2014 பிப்ரவரியில் ஐபோன்களுக்கு அவசர அப்டேட் வந்தது. கோடில் ஒரே வரி தவறுதலாக இரண்டு முறை இருந்ததால், பாதுகாப்பு சரிபார்ப்பின் ஒரு முக்கியப் பகுதி நடக்காமலேயே போனது. இப்படி 'ஒருபோதும் ஓடாத கோடு' இருந்தால் எச்சரிக்கும் வசதி கிளாங் கம்பைலரில் உண்டு. ஆனால் 'எல்லா எச்சரிக்கையும்' என்று பெயர் கொண்ட ஆப்ஷனில் அது சேராது! தனியாக ஆன் செய்ய வேண்டும்.

கவனிக்க வேண்டிய 5 செட்டிங்ஸ்

1. எந்த ஃபோல்டர்?
ஸ்கேன் செய்ய வேண்டியவை, விலக்க வேண்டியவை என இரண்டு பட்டியல் உண்டு. 'எச்சரிக்கை நிறைய வருது' என்று ஒரு ஃபோல்டரை விலக்கினால், அதிலுள்ள ஓட்டை ரிப்போர்ட்டிலேயே வராது. ஏன் விலக்கினோம் என்று எழுதி வைக்க வேண்டும்.

2. எந்த விதிகள்?
கோட்க்யூஎல்லில் டிஃபால்ட், எக்ஸ்டெண்டட் என இரண்டு தொகுப்புகள் உள்ளன. இரண்டாவது அதிகம் பிடிக்கும். தவறான எச்சரிக்கையும் கூடும். முக்கியமான புராஜெக்ட்டுக்கு அதுதான் ஏற்றது.

3. 'புதிய கோடு' எது?
சோனார்க்யூப் முக்கியமாகப் புதிய கோடைத்தான் மதிப்பிடும். அது முந்தைய வெர்ஷனுக்குப் பிறகு எழுதியதா, கடைசி 30 நாளில் எழுதியதா என்று தீர்மானிக்க வேண்டும். பழைய கோடில் தேங்கிய பிரச்சினை இருந்தாலும் பச்சை டிக் வரலாம்.

4. ஃபெயில் ஆனால் நிற்குமா?
சோனார்க்யூப்பின் வழக்கமான அளவுகோலில், புதிய கோடில் குறைந்தது 80% டெஸ்ட் செய்யப்பட்டிருக்க வேண்டும். நகல் வரிகள் 3%-ஐத் தாண்டக் கூடாது. ஆனால் முடிவு வரும்வரை காத்திருக்கும்படி செட் செய்யாவிட்டால், ஃபெயில் ஆனாலும் பில்ட் பாட்டுக்கு ஓடிவிடும்.

5. மூடும் அதிகாரம் யாருக்கு?
'இது தவறான எச்சரிக்கை' என்று மூடும் அனுமதியை எல்லோருக்கும் கொடுக்கக் கூடாது. கோடை எழுதியவரே மூடாமல், இன்னொருவர் பார்த்து மூடுவது நல்லது.

இது மட்டும் போதுமா?

போதாது. 2021 டிசம்பரில் உலகையே பதறவைத்த லாக்4ஜே ஓட்டை, பல நிறுவனங்கள் வெளியிலிருந்து எடுத்துப் பயன்படுத்திய லைப்ரரியில் இருந்தது. சொந்த கோடை மட்டும் பார்க்கும் ஸ்கேனில் அது சிக்காது. லைப்ரரிகளுக்குத் தனி ஸ்கேன் வேண்டும்.

ஆக, பச்சை டிக் வந்ததும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: 'இந்த ஸ்கேன் எதையெல்லாம் பார்க்கல?'