மோட்டார் வைண்டர் (தொலைவுமானி ஒளிப்படக்கருவி)

மோட்டார் வைண்டர் என்பது, ஒவ்வொரு படமும் எடுக்கப்பட்ட பின்னர் படச்சுருளை அடுத்த சட்டத்துக்கு நகர்த்தி, ஷட்டரையும் மீண்டும் ஆயத்தம் செய்யும் மின்விசைத் துணைக்கருவி ஆகும். ரேஞ்ச்ஃபைண்டர் எனப்படும் தொலைவுமானி ஒளிப்படக்கருவிகளில் இது பொதுவாகக் கருவியின் அடிப்பகுதியில் பொருத்தப்படுகிறது. சிறிய உருவமும் குறைந்த ஓசையும் இவ்வகைக் கருவிகளின் தனிச்சிறப்புகள். வைண்டர் இவ்விரண்டையும் ஓரளவு குறைத்துவிடுகிறது. ஆகவே அதைப் பொருத்துவதா வேண்டாமா என்பது எடுக்கப்படும் பொருளையும் இடத்தையும் பொறுத்தே முடிவு செய்யப்பட வேண்டியதாகும்.

வரலாறு

படச்சுருளைத் தானாக நகர்த்தும் முயற்சிகள் கடிகார வில்லில் தொடங்கின. 1934 இல் ஜெர்மனியில் வெளிவந்த ரோபோட் என்னும் சிறிய ஒளிப்படக்கருவி, முறுக்கப்பட்ட வில்லின் விசையால் சுருளை நகர்த்தியது. 1930களின் இறுதியில் லைக்கா கருவிகளுக்கும் வில்விசை மோட்டார் செய்யப்பட்டது.

மின் மோட்டார் பரவலாக அறியப்பட்டது ஜப்பானில் 1957 இல் வெளிவந்த நிக்கான் எஸ்பி கருவியாலும், அதனுடன் பொருந்தும் எஸ்-36 மோட்டாராலும் ஆகும். இது வினாடிக்கு 3 படங்கள் வரை எடுக்கக்கூடியது. லைக்கா எம் வரிசையில், 1970களின் பிற்பகுதியில் கனடாவின் மிட்லாந்து நகரில் செய்யப்பட்ட எம்4-2 கருவியிலிருந்து வைண்டருக்கான இணைப்பு வழக்கமான அமைப்பாயிற்று. பிற்காலத்தில் மோட்டாரைக் கருவியின் உள்ளேயே அமைத்த கான்டாக்ஸ் ஜி1 (1994), கோனிகா ஹெக்சார் ஆர்எஃப் (1999) ஆகியனவும் வெளிவந்தன.

பொருந்தும் கருவிகள்

எல்லாத் தொலைவுமானிக் கருவிகளிலும் வைண்டரைப் பொருத்த இயலாது. லைக்கா எம்3 (1954), எம்5 (1971) ஆகியவற்றில் இதற்கான இணைப்பு இல்லை. எம்4-2, எம்4-பி, எம்6, எம்7 ஆகியவற்றில் உண்டு. பழைய வைண்டரை வாங்குவோர் முதலில் தம் கருவியின் வகையைச் சரிபார்த்தல் அவசியம்.

நன்மைகள்

* நெம்புகோலைப் பெருவிரலால் தள்ளும்போது கருவி சற்று அசைகிறது, சட்டகம் கலைகிறது. வைண்டர் இருப்பின் கண்ணை எடுக்காமலே அடுத்த படத்துக்குக் காத்திருக்கலாம்.
* இடக்கண்ணால் பார்ப்போருக்கு நெம்புகோலைத் தள்ளும் விரல் முகத்தில் இடிக்கும். இவர்களுக்கு வைண்டர் பெரிதும் உதவுகிறது.
* தொலைவுமானிக் கருவியின் பார்வைச் சாளரம் படம் பதியும் நொடியிலும் இருண்டுபோவதில்லை. எனவே காட்சியைத் தொடர்ந்து பார்க்கும் வசதி வைண்டருடன் சேர்ந்து முழுமை பெறுகிறது.

குறைகள்

* எடை, உயரம், ஓசை ஆகியன கூடுகின்றன. மின்கலங்களையும் உடன் கொண்டுசெல்ல வேண்டும்.
* லைக்கா எம் கருவிகளில் படச்சுருள் அடிப்பக்கமாக இடப்படுகிறது. அடித்தட்டின் இடத்தில் வைண்டர் இருப்பதால், சுருளை மாற்றும் ஒவ்வொரு முறையும் அதைக் கழற்ற வேண்டும். முக்காலியில் பொருத்தியிருந்தால் அதிலிருந்தும் எடுக்க வேண்டும். எடுத்து முடிந்த சுருளைத் திருப்பிச் சுற்றுவதும் கையாலேயே நடைபெறும்.
* வினாடிக்கு 3 படம் என்னும் வேகத்தில் 36 படங்கள் கொண்ட சுருள் 12 வினாடிகளில் தீர்ந்துவிடும். சுருளின் விலையும் கழுவும் செலவும் அதே விகிதத்தில் ஏறும்.
* அந்த வேகத்திலும் இரு படங்களுக்கு இடையே மூன்றில் ஒரு வினாடி செல்கிறது. வினாடிக்கு ஒன்றரை மீட்டர் நடக்கும் ஒருவர் அதற்குள் அரை மீட்டர் நகர்ந்துவிடுவார். சரியான கணத்தைத் தேர்வது விரலின் வேலையாகவே இருக்கிறது.

சூழலுக்கேற்ற தேர்வு

திருவள்ளூர் மாவட்டத்தில் அமைந்த சூழல்கள் இத்தேர்வை நன்கு விளக்குகின்றன.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை போன்ற இடங்களில், இயந்திரங்கள் ஓடும் கூடத்துக்குள் வைண்டரின் ஓசை பொருட்டல்ல. உருக்கு வேலை, பற்றவைப்பு போன்று ஒரே அசைவு திரும்பத் திரும்ப நிகழும் பணிகளில், சட்டகத்தைக் கலைக்காமல் பல முறை எடுப்பது பயனளிக்கும். ஆனால் மின்னொளி விளக்கைக் கொண்டு எடுப்பதாயின், விளக்கு மீண்டும் மின்னேற்றம் பெறும் நேரமே வேகத்தை முடிவுசெய்கிறது. அங்கு வைண்டரின் வேகத்தால் பயன் குறைவு.

பழவேற்காடு ஏரியின் பூநாரைகளை எடுக்க விரும்புவோருக்கு வைண்டர் தீர்வாகாது. லைக்கா எம் கருவிகளின் சட்டகக் கோடுகள் 135 மில்லிமீட்டர் வில்லையுடன் முடிந்துவிடுகின்றன. தொலைவில் உள்ள பறவைகளுக்கு அதனினும் நீண்ட குவியத்தொலைவு வேண்டும். இதற்கு ஒற்றை வில்லை எதிரொளிப்புக் கருவியே ஏற்றது. மேலும் கடற்கரையின் உப்புக்காற்று வைண்டரின் மின்தொடுமுனைகளை அரிக்கக்கூடும் என்பதால் அவற்றை அவ்வப்போது துடைத்து வைத்தல் நலம்.

திருவள்ளூர் வீரராகவர் கோயில் போன்ற வழிபாட்டிடங்களிலும், வீட்டு நிகழ்வுகளிலும் அமைதியே முதன்மை. படமெடுக்க அனுமதி உள்ள இடங்களிலும் மோட்டாரின் ஓசை பிறர் கவனத்தை ஈர்த்துவிடும். 1950 ஏப்ரலில் ரமண மகரிசியின் இறுதி நாட்களில் திருவண்ணாமலையில் இருந்த பிரெஞ்சு ஒளிப்படக்கலைஞர் ஆன்றி கார்ட்டியே பிரேசோன், கையால் சுற்றும் லைக்கா கருவிகளுக்காகவே அறியப்பட்டவர். அன்றைய லைக்காவில் நெம்புகோலும் இல்லை. குமிழைத் திருகியே சுருளை நகர்த்த வேண்டும்.

மாற்று வழிகள்

மின்கலமும் மோட்டார் ஓசையும் இன்றி விரைவாகச் சுற்ற, அடித்தட்டில் அமைந்த கைவிசை நெம்புகோல்களும் உள்ளன. லைக்காவிட் என்னும் இவ்வகைச் சாதனம் 1956 இன் லைக்கா எம்பியுடன் வந்தது. 2003 இல் அதே பெயரில் வந்த கருவிக்கும் புதிதாகச் செய்யப்பட்டது. 2000களில் வெளிவந்த ஃபோக்ட்லேண்டர் பெஸ்ஸா வகைகள் சிலவற்றுக்கும் இத்தகைய விசைச்சுற்றி கிடைத்தது. கண்ணை எடுக்காமல் சுற்றும் வசதியை மட்டும் வேண்டுவோருக்கு இவை போதுமானவை. கை உறுதியாகப் பழகிய பின்னரும் வைண்டர் தேவைப்படுகிறதா என்று பார்த்து, அதன்பின் அதை வாங்குவது வீண்செலவைத் தவிர்க்கும்.