நெடுந்தீவும் நுண்சில்லும்

யாழ்ப்பாணத்தைச் சூழ்ந்த தீவுகளுள் ஒன்று நெடுந்தீவு. குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரம் படகிற் சென்றே அதனை அடையவேண்டும். ஒல்லாந்தர் தம் நாட்டு நகரொன்றின் பெயரை அதற்குச் சூட்டினர். அத்தீவில் எஞ்சி நிற்கும் பழஞ்சின்னங்களுள் ஒன்று புறாக்கூடு. செய்தி சுமக்கும் புறாக்களை வைத்திருப்பதற்காக அந்நியர் ஆட்சிக் காலத்தில் அது கட்டப்பட்டதென்று கூறுவர். கடலைக் கடந்து ஒரு செய்தியை அனுப்புவதற்கு அன்று கிடைத்தவற்றுள் தீனி குறைவாக உண்பதும், வழி தவறாததும், பழுதுற்றால் மற்றொன்றால் ஈடுசெய்யக்கூடியதும் புறாவே. ஒரு கருவியைத் தெரிந்தெடுக்கும் முறையை அச்சிறு கட்டடம் இன்றும் உணர்த்தி நிற்கிறது.

மின்னணுக் கருவிகளைப் பொழுதுபோக்காகச் செய்து பழகும் இளைஞர் இக்காலத்தில் முதலிற் கேட்கும் வினா, எந்த நுண்கட்டுப்படுத்தியை வாங்குவது என்பதாகும். நுண்கட்டுப்படுத்தியாவது, கணக்கிடும் பகுதி, நினைவகம், வெளியுலகோடு தொடர்புகொள்ளும் வாயில்கள் ஆகிய மூன்றையும் ஒரே சில்லினுள் அடக்கிய சிறு கணினி. வேகம் மிகுந்ததே சிறந்தது என்று விளம்பரங்கள் சொல்லும். வரலாறு அவ்வாறு சொல்லவில்லை.

இலங்கையின் வானொலி வரலாற்றையே முதலில் நோக்கலாம். 1920களின் தொடக்கத்தில் கொழும்புத் தந்தித் திணைக்களத்தின் தலைமைப் பொறியியலாளராயிருந்த எட்வேட் ஹாப்பர் சோதனை ஒலிபரப்பொன்றைத் தொடங்க விரும்பினார். அவரும் அவருடைய உதவியாளரும் முதல் உலகப் போரிற் கைப்பற்றப்பட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலி உறுப்புக்களைக் கொண்டே ஒலிபரப்பியை அமைத்தனர். இலங்கை வானொலி ஆர்வலர் சங்கத்தை நிறுவியவர்களுள்ளும் ஹாப்பர் ஒருவர். 1925ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆந் திகதி முறையான ஒலிபரப்பு தொடங்கிற்று. ஆர்வலர் கற்கவேண்டிய முதற்பாடம் இதிலேயே அடங்கியுள்ளது: கைக்கெட்டும் உறுப்பே முதன்மையான உறுப்பு.

இரண்டாவது பாடத்தை மின்சாரம் கற்பித்தது. வால்வு வானொலியின் இழைகள் சூடேறி நிற்பதற்கே இடைவிடாது மின்சாரம் செலவாயிற்று. மின்கம்பிகள் எட்டாத ஊர்களில் கனத்த பற்றரியைச் சுமந்து சென்று மின்னேற்றி வரவேண்டியிருந்தது. 1947ஆம் ஆண்டு பெல் ஆய்வுகூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. 1954 முதல் அதனைக் கொண்ட சட்டைப்பை வானொலிகள் சந்தைக்கு வந்தன. சூடாக்கும் இழை அதற்கு வேண்டியதில்லை. சில சிறு பற்றரிகளே போதும்.

அதன் அருமை 1990களில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் முழுமையாகத் தெரிந்தது. மின்விநியோகம் அற்றுப்போயிற்று, பொருளாதாரத் தடையினாற் பற்றரியும் கிடைக்கவில்லை. அப்போது மக்கள் துவிச்சக்கர வண்டியின் டைனமோவை வானொலிப் பெட்டியோடு இணைத்தனர். ஒருவர் மிதிக்க, சூழ்ந்திருந்தோர் செய்தி கேட்டனர். வண்டிச் சில்லின் சுழற்சியிற் பிறந்த அச்சிறு மின்சாரத்தைக் கொண்டு வால்வுப் பெட்டியொன்றை இயக்குதல் எளிதன்று. குறைவாக உண்ணும் உறுப்பே அந்த வீடுகளை வெளியுலகோடு பிணைத்து வைத்தது.

மூன்றாவது பாடம் நுண்கட்டுப்படுத்திகளின் சொந்த வரலாற்றைச் சார்ந்தது. 1974ஆம் ஆண்டு டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் டி.எம்.எஸ். 1000 என்னும் சில்லை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் கட்டளைகள் தொழிற்சாலையிலேயே பொறிக்கப்பட்டன, பின்னர் மாற்றவியலா. ஆயிரக்கணக்கில் வாங்கும் நிறுவனத்துக்கு அது பொருந்தும். ஒன்றே ஒன்று வேண்டிய மாணவனுக்குப் பொருந்தாது. 1976இல் வெளிவந்த இன்டெல் 8048 குடும்பத்தின் ஒரு வகையில் உச்சியிற் கண்ணாடிச் சாளரம் இருந்தது. அதனூடே புறஊதா ஒளியைப் பாய்ச்சிப் பழைய கட்டளைகளை அழிக்கலாம். பிழையொன்றைத் திருத்தச் சில்லை ஒளியின்கீழ் வைத்துக் காத்திருக்க வேண்டும். 1993இல் மைக்ரோசிப் நிறுவனத்தின் பி.ஐ.சி. 16சி84 வந்தபோது, மின்சாரத்தாலேயே அழித்து எழுதும் வசதி ஆர்வலர் கைக்கு வந்தது. 2005ஆம் ஆண்டு இத்தாலியின் இவ்ரேயா நகரில் மாணவர்க்கென உருவான ஆர்டுயினோ பலகை, சாதாரணக் கணினியோடு ஒரு கம்பியால் இணைத்தே கட்டளை எழுதும் வழியைப் பரப்பியது. பிழைவிட்டுத் திருத்தும் உரிமை கிடைத்த பின்னரே பொழுதுபோக்கு மின்னணுவியல் வீடுகளுக்குட் புகுந்தது.

இப்பாடங்களை மீண்டும் நெடுந்தீவுக்குக் கொண்டுசென்று சோதித்துப் பார்க்கலாம். சுண்ணக்கல் நிலத்தின்கீழ் மழைநீர் மெல்லிய படையாக உவர்நீரின்மேல் மிதக்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் உவர் மேலேறிக் கிணறு கெடும். கிணற்றுநீரின் உப்பை மணிக்கொருமுறை அளந்து குறித்துவைக்கும் கருவியொன்றை ஒரு மாணவன் செய்ய விரும்புகிறான் எனக் கொள்க. இரு மின்முனைகளை நீரில் அமிழ்த்தினால், உப்பு மிகுந்த நீர் மின்சாரத்தைக் கூடுதலாகக் கடத்தும். மின்னோட்டத்தின் திசையை மாற்றி மாற்றிச் செலுத்தினால் முனைகள் அரிபடுதல் குறையும். இவ்வேலைக்கு ஒரு மணியில் ஒரு விநாடி போதும். எஞ்சிய 3,599 விநாடியும் சில்லு உறங்கலாம்.

ஆர்டுயினோ ஊனோ பலகையிலுள்ள ஏ.டி.மெகா 328 சில்லைப் பலகையோடு சேர்த்துப் பயன்படுத்தினால், விளக்கு முதலிய துணையுறுப்புக்கள் காரணமாக ஏறத்தாழ 40 மில்லியாம்பியர் இடைவிடாது செலவாகும். 2,000 மில்லியாம்பியர்மணி கொள்ளும் பற்றரி இரண்டே நாளில் ஓய்ந்துவிடும். அதே சில்லைப் பலகையிலிருந்து பிரித்துத் தனியே அமைத்து உறங்கவிட்டால், சராசரிச் செலவு ஒரு மில்லியாம்பியரில் நூறிலொரு பங்குக்குள் அடங்கும். கணக்கின்படி அதே பற்றரி 20 ஆண்டுக்கு மேற் காணும். பற்றரி தானே வலுவிழப்பதால் நடைமுறையிற் சில ஆண்டுகள் உழைக்கும். சில்லு ஒன்றே, பயன்படுத்திய முறை வேறு. 2016இல் வந்த இ.எஸ்.பி. 32, 2021இல் வந்த ராஸ்பெரி பை பிக்கோ ஆகியவை வேகத்தில் இதனைப் பன்மடங்கு விஞ்சும். கம்பியில்லா வலைத்தொடர்பு வேண்டிய இடத்தில் இ.எஸ்.பி. 32 தக்கது, கணக்கீடு மிகுந்த இடத்திற் பிக்கோ தக்கது. வலைத்தொடர்பு எட்டாத கிணற்றடியில் அவ்வேகத்துக்கு வேலையில்லை.

மின்சாரத்தைப் பற்றிய இக்கவலை மிகையன்று. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றிலும் சூரியவொளியும் காற்றும் கலந்த மின்னிலையங்களை இந்திய நன்கொடையுடன் அமைப்பதற்கு 2022 மார்ச்சு மாதம் உடன்படிக்கையும் 2024 மார்ச்சு மாதம் ஒப்பந்தமும் கைச்சாத்தாயின. தேசிய மின்வலையினின்று கடல் பிரித்து வைத்த தீவுகள் என்பதே அத்திட்டத்தின் காரணம்.

நான்காவது பாடம் அண்மைக் காலத்தது. 2020 முதல் உலகெங்கும் சில்லுக்குத் தட்டுப்பாடு நேர்ந்தது. 2022இல் இலங்கையில் அந்நியச் செலாவணியே அருகிற்று. ஒரே நிறுவனத்தின் ஒரே வகையை நம்பியிருந்தோர் திகைத்தனர். கையாற் பற்றவைக்கக்கூடியதும், கடையில் மாற்று கிடைப்பதும், அதனைக் கற்பிக்கும் நூலும் அயலவரும் உள்ளதுமான சில்லை எடுத்தோர் வேலையைத் தொடர்ந்தனர்.

ஆகவே சில்லைத் தெரிவோர் விலைப்பட்டியலைத் திறக்குமுன் நான்கு வினாக்களைக் கேட்டுக்கொள்ளுதல் நன்று: எவ்வளவு மின்சாரம் உண்ணும்? பிழையை வீட்டிலிருந்தே திருத்தலாமா? கெட்டால் வேறொன்று கிடைக்குமா? ஐயம் வந்தாற் கேட்க ஆளுண்டா? நகரத்தில் இவற்றை மறந்தவன் சிறிது பணத்தை இழப்பான். மறுநாள் கடைக்குச் சென்று வேறொன்று வாங்குவான். கடைசிப் படகு புறப்பட்ட பின்னர் தீவில் அக்கருவி நின்றுபோனால், கிணற்றில் உவர் ஏறுவதை அறிவிக்க எதுவும் இராது.