எடுத்த ரத்தமும் கொடுக்காத மருந்தும்: அரிவாள் செல் சோகை ஆராய்ச்சியின் வரலாறு



இந்த மேடையில் வழக்கமாக இலக்கியம் பேசுவோம், போராட்ட வரலாறு பேசுவோம். இந்த ஆண்டு ஒரு நோயைப் பற்றிப் பேச அனுமதி கேட்டேன். அதற்குக் காரணம் இருக்கிறது. ரத்தத்தைப் பற்றி இந்த நாட்டில் சாதி பேசுகிற அளவுக்கு வேறு யாரும் பேசுவதில்லை. தூய ரத்தம், கலந்த ரத்தம், எங்கள் ரத்தம் என்று அந்தப் பேச்சு ஓய்வதேயில்லை. உண்மையிலேயே ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி நுண்ணோக்கியில் பார்த்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் நோயைச் சொல்லிவிடுகிறேன். நம் சிவப்பணுக்களில் ஆக்சிஜனைச் சுமப்பது ஹீமோகுளோபின். அதன் பீட்டா சங்கிலியில் ஆறாவது இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருப்பதுதான் அரிவாள் செல் சோகைக்குக் காரணம். ஆக்சிஜன் குறைந்ததும் மாறிய ஹீமோகுளோபின் ஒன்றோடொன்று ஒட்டிக் குச்சிகளாகிறது. வட்டமாக இருந்த அணு அரிவாள்போல் வளைந்து விறைத்து, நுண்ணிய ரத்தக் குழாய்களை அடைத்துவிடுகிறது. எலும்புக்குள் ஆணி இறங்குவது போன்ற வலி வரும். மண்ணீரல் சிறு வயதிலேயே செயலிழக்கும். அதனால் சாதாரணத் தொற்றுக்குக்கூடக் குழந்தைகள் பலியாவார்கள்.

தாய் தந்தை இருவரிடமிருந்தும் இந்த மரபணு வந்தால்தான் நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் அவர் அதைச் சுமப்பவர், அவ்வளவுதான். பொதுவாக நலமாகவே வாழ்வார். அதோடு, மலேரியா அவரை எளிதில் கொல்லாது. இதை 1954இல் ஆண்டனி அலிசன் கிழக்கு ஆப்பிரிக்காவில் நிறுவினார். ஆப்பிரிக்கா, மத்தியதரைக்கடல் ஓரம், அரேபியா, இந்தியக் காடுகள் என மலேரியா நெடுங்காலம் ஆண்ட இடங்களில் எல்லாம் இந்த மரபணு இருப்பது அதனால்தான். இதில் இனத்துக்கு வேலையில்லை, கொசுவுக்குத்தான் வேலை. ஆனால் மருத்துவம் நீண்ட காலம் இதை இனத்தின் அடையாளமாகவே படித்தது.

மருத்துவ நூல்கள் கதையை 1910இல் தொடங்குகின்றன. அந்த ஆண்டு சிகாகோ மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக், அரிவாள் வடிவ அணுக்களைப் பற்றிய முதல் கட்டுரையை வெளியிட்டார். 1904 முதல் அந்த நோயாளியைக் கவனித்து, ரத்தத்தைப் பரிசோதித்தவர் அவருடைய இளம் உதவியாளர் எர்னஸ்ட் அயன்ஸ். நோயாளி யார்? கட்டுரையில் அவருடைய இனம் இருந்தது, வயது இருந்தது, பெயர் இல்லை. அவர் வால்டர் கிளெமென்ட் நோயல். கரீபியன் தீவான கிரெனடாவிலிருந்து பல் மருத்துவம் படிக்க வந்த மாணவர். பட்டம் பெற்று ஊர் திரும்பி, பல் மருத்துவராகப் பணியாற்றி, 1916இல் நிமோனியாவால் இறந்தார். அப்போது அவருக்கு வயது 32. அவருடைய பெயரை வரலாற்றாய்வாளர்கள் தேடியெடுத்து மருத்துவ இதழில் எழுதியது 1989இல்.

அதை முதல் கண்டுபிடிப்பு என்று சொல்வதும் அரைகுறைதான். மேற்கு ஆப்பிரிக்க மொழிகளில் விட்டுவிட்டு வரும் இந்த எலும்பு வலிக்குத் தனிப் பெயர்கள் உண்டு. கானா மருத்துவர் பெலிக்ஸ் கொனோட்டே அகுலு தம் சொந்தக் குடும்பத்திலேயே இந்த நோயை 1670 வரை தலைமுறை தலைமுறையாகப் பின்தொடர்ந்து எழுதியிருக்கிறார். வலித்தவர்களுக்கு நோய் முன்பே தெரியும். 1910இல் தெரிந்துகொண்டது சிகாகோ.

அடுத்த பெரிய ஆண்டு 1949. லைனஸ் பாலிங்கின் ஆய்வுக்கூடம், நோயாளியின் ஹீமோகுளோபினும் மற்றவரின் ஹீமோகுளோபினும் மின்புலத்தில் வேறு வேறு விதமாக நகர்வதைக் காட்டியது. ஒரு நோயின் வேர் ஒரே மூலக்கூறில் இருக்க முடியும் என்று உலகம் முதன்முதலாக அறிந்தது இந்த நோயை வைத்துத்தான். அந்தச் சோதனைகளைச் செய்தவர்களில் முதன்மையானவர் ஹார்வி இட்டானோ. ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர். 1942இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் முதல் மாணவராகத் தேறியவர். பதக்கத்தை வாங்க அவர் வரவில்லை, வர முடியவில்லை. போர்க்காலத்தில் ஜப்பானிய வம்சாவளியினரை அமெரிக்கா அடைத்துவைத்த முகாமுக்கு அவரையும் குடும்பத்தையும் அனுப்பிவிட்டார்கள்.

பாலிங்குக்கு இரண்டு நோபல் பரிசுகள் உண்டு. அணுகுண்டுச் சோதனைகளை எதிர்த்த மனிதர், முற்போக்காளர். அதே பாலிங் 1968இல், இந்த மரபணுவைச் சுமக்கும் இளைஞர்களின் நெற்றியில் பச்சை குத்த வேண்டும் என்று எழுதினார். அவர்கள் ஒருவரையொருவர் காதலித்துவிடாமல் இருக்க அதுதான் வழியாம். நெற்றியில் அடையாளம், கலக்காமல் இருக்க ஒரு குறி! நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. கெட்ட எண்ணத்தில் அவர் சொல்லவில்லை, துன்பத்தைக் குறைக்கத்தான் சொன்னார் என்பதையும் சேர்த்தே நான் சொல்கிறேன். நல்லெண்ணத்தோடு வந்தாலும் அந்த யோசனை நெற்றியைத்தான் தேடிப்போனது.

சரி, காரணம் 1949இல் தெரிந்துவிட்டது. மருந்து எப்போது வந்தது?

அதற்கான துப்பு அதற்கும் ஓராண்டு முன்பே கிடைத்திருந்தது. 1948இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஜேனட் வாட்சன் என்ற குழந்தை மருத்துவர், நோயோடு பிறக்கும் குழந்தைகளின் அணுக்கள் முதல் மாதங்களில் அவ்வளவாக வளைவதில்லை என்பதைக் கவனித்தார். கருவில் இருக்கும்போது உடல் தயாரிக்கும் வேறு வகை ஹீமோகுளோபின் அவர்களைக் காக்கிறது என்று ஊகித்தார். அந்தக் கரு ஹீமோகுளோபினைப் பெரியவர்களிடமும் கூட்டும் மருந்துதான் ஹைட்ராக்ஸியூரியா. 1869இலேயே ஜெர்மனியில் தயாரிக்கப்பட்ட எளிய வேதிப்பொருள் அது. புற்றுநோய்க்கு ஏற்கெனவே கொடுத்துவந்த மாத்திரை. 299 பேரிடம் நடந்த ஆய்வு, கடும் வலி வரும் தடவைகளை அது ஏறக்குறையப் பாதியாகக் குறைக்கிறது என்று காட்டியது 1995இல். ஊகத்துக்கும் நிரூபணத்துக்கும் இடையே 47 ஆண்டுகள்.

பென்சிலின் கதை இன்னும் வேதனையானது. தினமும் பென்சிலின் கொடுத்தால் கைக்குழந்தைகளைத் தாக்கும் நிமோகாக்கஸ் தொற்று 84 விழுக்காடு குறைகிறது என்று நிரூபித்த ஆய்வு 1986இல்தான் வெளிவந்தது. அதை நடத்தியவர் மர்லின் ஹியூஸ் காஸ்டன் என்ற கறுப்பினப் பெண் மருத்துவர். பென்சிலினோ 1940களிலிருந்தே மருந்துக்கடையில் இருந்த மருந்து.

இந்தத் தாமதத்துக்கு அறிவியலின் சிக்கல் மட்டும் காரணமல்ல. 1970இல் ராபர்ட் ஸ்காட் என்ற மருத்துவர் அமெரிக்க மருத்துவக் கழக இதழில் ஒரு கணக்குப் போட்டார். 1967இல் அந்த நாட்டில் அரிவாள் செல் நோயோடு பிறந்தவர்கள் சுமார் 1,155 பேர். முக்கியமாக வெள்ளையரைத் தாக்கும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயோடு பிறந்தவர்கள் 1,206 பேர். ஏறக்குறையச் சமம். இரண்டாவது நோய்க்குப் பொதுமக்களிடம் திரண்ட நன்கொடை 19 லட்சம் டாலர். முதலாவதற்கு ஒரு லட்சம்கூடத் தேறவில்லை.

இந்தக் கணக்கைத் தெருவுக்குக் கொண்டுபோனவர்கள் கறுப்புச் சிறுத்தைகள். நம் தலித் சிறுத்தைகள் பெயரெடுத்த அதே இயக்கம். 1971 முதல் தங்கள் இலவச மருத்துவ மையங்களிலும் குடியிருப்புகளிலும் விரல்நுனியில் ரத்தம் எடுத்துச் சோதித்தார்கள், பத்திரிகையில் எழுதினார்கள். அதே ஆண்டு பிப்ரவரியில் அதிபர் நிக்சன் இந்த நோய்க்கு நிதி கூட்டுவதாக அறிவித்தார். 1972இல் தனிச் சட்டமே வந்தது. ஆனால் அரசின் கைக்குப் போன சோதனை வேறு வேலையும் செய்தது. சில மாநிலங்கள் கறுப்பினத்தவருக்குச் சோதனையைக் கட்டாயமாக்கின. சுமப்பவரையும் நோயாளியையும் குழப்பிக்கொண்டு காப்பீடும் வேலையும் மறுத்தார்கள். விமானப் படைக் கல்லூரி 1981 வரை சுமப்பவர்களைச் சேர்க்கவில்லை. மருந்து கையில் இல்லாத காலத்துச் சோதனை, பட்டியல் எடுப்பதாகவே முடிந்தது.

இப்போது நம் பக்கம் வருவோம். இந்தியாவில் இந்த மரபணு முதலில் பதிவானது 1952இல், நீலகிரியில். ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் என்ற இருவர் நம் மலைவாழ் மக்களிடம் ரத்தம் எடுத்தார்கள். எதற்காக? சிகிச்சைக்காக அல்ல. ஆதிகுடிகளின் இனம் எங்கிருந்து எங்கே பரவியது என்ற கேள்விக்கு விடை தேடினார்கள். லேமன் 1954இல் இந்த மரபணுவை வைத்துக் கிழக்கு ஆப்பிரிக்கர்களின் தோற்றத்தைப் பற்றி எழுதிய கட்டுரை வெளியான இதழின் பெயரே இனமேம்பாட்டு விமர்சனம். லேமன் யூதர், நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பிப் பிழைத்தவர். இனக்கொள்கை யாரை என்ன செய்யும் என்று அறிந்தவரின் ஆய்வும் அந்தக் காலத்துச் சட்டகத்துக்குள்ளேயே நடந்தது.

அதே 1952இல் அசாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடமும் இது பதிவானது. 1950களின் இறுதியில் நாக்பூரில் மகர் மக்களிடம் கண்டார்கள். அண்ணல் 1956இல் தீட்சை பெற்றாரே, அதே நாக்பூர். அதனால் இதைப் பழங்குடி நோய் என்று மட்டும் சொல்லி ஒதுக்குவது பிழை. விதர்ப்பாவில் இது தலித் குடும்பங்களின் நோயும்கூட. இந்தியர்களுக்குக் கரு ஹீமோகுளோபின் அதிகம், ஆகவே இங்கே நோய் மென்மையானது என்று பாடநூல்கள் எழுதிவந்தன. நாக்பூர்க் குழந்தைகளைக் கூர்ந்து கவனித்த மருத்துவர்கள் கண்டது மென்மையை அல்ல.

2023ஐப் பாருங்கள். ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசம் ஷாடோலில் இந்திய அரசு அரிவாள் செல் ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கியது. 2047க்குள் ஒழிப்போம், ஏழு கோடிப் பேரைச் சோதிப்போம் என்றது. டிசம்பர் 8 அன்று அமெரிக்கா இரண்டு மரபணு சிகிச்சைகளுக்கு ஒப்புதல் தந்தது. ஒன்றின் விலை 22 லட்சம் டாலர், மற்றதன் விலை 31 லட்சம் டாலர். அங்கே நோயைக் குணமாக்கும் கருவி வந்துவிட்டது. இங்கே சோதித்தவர் கையில் அவருடைய மரபு நிலையைச் சொல்லும் அட்டை வருகிறது. திருமணத்துக்கு முன் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறார்கள். நான் சோதனைக்கு எதிரி அல்ல. பிறந்த குழந்தைக்குச் சோதனை செய்தால்தான் பென்சிலின் தொடங்க முடியும். ஆனால் அட்டை கொடுத்த ஊரின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹைட்ராக்ஸியூரியா மாதாமாதம் இருக்கிறதா? காப்புரிமை முடிந்துபோன, நம் நாட்டிலேயே தயாராகும் மாத்திரை அது. கூடலூரில் ஆதிவாசி மக்களே சேர்ந்து நடத்தும் மருத்துவமனை பல ஆண்டுகளாக நோயாளிகளைப் பெயர் சொல்லி அறிந்து கவனித்துவருகிறது. செய்ய முடியாத காரியம் அல்ல இது.

மாணவர்களுக்கு ஒரு செய்தி. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அதில் அரிவாள் செல் நோயும் உண்டு. 40 விழுக்காடு என்று சான்றிதழ் கிடைத்தால், 32ஆம் பிரிவின்படி உயர்கல்வியில் 5 விழுக்காடு இடஒதுக்கீட்டில் பங்கு உண்டு. வலி வந்து படுத்திருக்கும் நாளும் வலி இல்லாத நாளும் மாறிமாறி வரும் நோய்க்கு விழுக்காடு போடுவது எப்படி என்பது தனி வழக்கு. அது கிடக்கட்டும். 34ஆம் பிரிவு அரசு வேலையில் 4 விழுக்காடு ஒதுக்குகிறது. அந்தப் பட்டியலைப் படித்துப் பாருங்கள். பார்வை, செவி, உடலியக்கம், மனநலம் எல்லாம் இருக்கின்றன. ரத்த நோய்கள் இல்லை. அரிவாள் செல் நோயுள்ள பிள்ளை இந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கல்லூரிக்குள் போகலாம். படித்து முடித்து வெளியே வரும்போது அதே சட்டம் அந்தப் பிள்ளையைத் தெரியாது என்கிறது.